எண்பத்தாறாவது நிமிடத்து கோல்

மாலை 5.40. கேமரா நடுவர் அறை மேஜைமேல்தான் இருந்தது. உள்ளே இருக்கவேண்டிய மெமரி கார்டைக் காணோம்.

நடுவர் அதன் குட்டிக் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். இருபது வருஷமாக விசில் ஊதுகிறவர். பதினோரு பேர் சூழ்ந்து கத்தினாலும் அசைந்துகொடுக்காத மனுஷன். இப்போது மேஜைக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது மஞ்சள் அணி கோல் போட்டது. நீல அணி மொத்தமும் நடுவர்மேல் பாய்ந்தது.

"ஆஃப்சைடு சார்! கண்ணு தெரியலையா?"

தோற்றால் அணியையே கலைத்துவிடுவோம் என்று அவர்களுடைய மில் நிர்வாகம் சொல்லியிருந்தது. கத்தாமல் என்ன செய்வார்கள், பாவம்.

"கேப்டன் மட்டும் பேசுங்க. மத்தவங்க தள்ளிப் போங்க" என்ற நடுவர், கோட்டோரம் கொடியோடு நின்ற துணை நடுவரிடம் போனார். பந்து பறந்த வேகத்தில் நடுவர் வெகுதூரம் பின்தங்கிவிட்டார், எதையும் சரியாகப் பார்க்கவில்லை. துணை நடுவர் வேறு யாருமில்லை, அவருடைய தங்கை புருஷன்.

"பின்னால தடுக்கிற ஆள் இருந்தானா மாப்ளே?"

"இருந்தான் மச்சான்."

கோல் செல்லும் என்றார் நடுவர்.

ஆட்டம் முடிந்ததும், 5.05-க்கு, நீல அணிக் கேப்டனின் தங்கை கேமராவோடு வந்தாள். "ரெண்டாவது பாதியில மூணு நிமிஷம் லேட்டாத்தான் ஆன் பண்ணினேன் சார். ஆனா கோல் முழுசா இருக்கு. நீங்களே பாருங்க."

பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போனதுதான் வினை. அந்த நேரத்தில் அறைக்குள் வந்தவர்கள் மூன்று பேர்.

5.50. முதலில் மைதானப் பராமரிப்பாளர்.

"எதையாவது தொட்டீங்களா?"

"கையைப் பாருங்க. கோடு போட்ட சுண்ணாம்பு இன்னும் போகல."

கறுப்புக் கேமராவில் வெள்ளைத் தடம் ஒன்றுகூட இல்லை.

அடுத்து மஞ்சள் அணிப் பயிற்சியாளர். "கோலைத்தான் குடுத்துட்டீங்களே, எனக்கென்ன பயம்? ஆட்டத் தாள்ல கையெழுத்துப் போட்டேன், கிளம்பினேன்."

கடைசியில் மாப்பிள்ளை. "நான் ஷூவைக் கழட்டிட்டு இருந்தேன். கேமராவை ஏறெடுத்தும் பாக்கல."

6.05. அறிக்கை எழுத உட்கார்ந்த நடுவர், இருவருடைய குறிப்பு அட்டைகளையும் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு நடுவரும் தன் கடிகாரத்தைப் பார்த்துத் தனித்தனியாக எழுதுவது வழக்கம். மஞ்சள் அணியின் மாற்று ஆட்டக்காரர் இறங்கியது: இரண்டிலும் 87. கோல்: இவர் அட்டையில் 89. மாப்பிள்ளையின் அட்டையில் 86.

நடுவர் பேனாவை மூடினார். கண்டுபிடித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை, தன் தங்கையின் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

"மாப்ளே, கோல் போட்டது யாரு?"

"மாத்தி இறக்கினாங்களே, அவன்தான்."

"எண்பத்தேழுல இறங்கினவன் எண்பத்தாறுல எப்படிக் கோல் போடுவான்?"

மாப்பிள்ளை தன் அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"மூணு நிமிஷம் பின்னால ஓடினது ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பொண்ணோட கேமரா. நீங்க அதைப் போட்டுப் பாத்திருக்கீங்க. அது காட்டின நாப்பத்தோரு நிமிஷத்தோட முதல் பாதி நாப்பத்தஞ்சைக் கூட்டி எழுதியிருக்கீங்க."

மாப்பிள்ளை காலுறைக்குள்ளிருந்து மெமரி கார்டை எடுத்தார். "கோல் விழுந்ததும் ஒரே கூச்சல் மச்சான், நேரத்தை எழுதல. பின்னால போட்டுப் பாத்தா... அடுத்த வாரம் எனக்கு நடுவர் பதவி உயர்வுத் தேர்வு. புத்தி கெட்டுப்போச்சு."

இருவரும் படத்தைப் பார்த்தார்கள். பந்தை அனுப்பும் நொடியில், முன்னால் நிற்கும் ஆளுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியில் இரண்டு பேராவது இருக்கவேண்டும். எப்போதும் அதில் ஒருவர் கோல்கீப்பர். அதனால் இன்னொருவரை மட்டும் தேடியே கண் பழகிவிடும். இன்று கோல்கீப்பர் பந்தைத் துரத்தி வெளியே ஓடியிருந்தார். பின்னால் இருந்தது ஒரே ஆள். ஆஃப்சைடுதான், சந்தேகமே இல்லை.

"நானும் எத்தனை பேர்னு கேக்கல" என்றார் நடுவர். "அறிக்கையில உங்க தப்பும் வரும், என் தப்பும் வரும்."

6.30. வாசலில் காத்திருந்த கேப்டனிடமும் அவர் தங்கையிடமும் எதையும் மறைக்காமல் சொன்னார். கேப்டன் முகம் மலர்ந்தது.

"அப்போ அந்தக் கோல் செல்லாதுல்ல சார்?"

"செல்லும்பா. கோலுக்கப்புறம் நடுவுல பந்தை வெச்சு உதைச்சுட்டா, நானே நினைச்சாலும் முடிவை மாத்த முடியாது. சட்டம் அப்படி."

"உதைக்காம நின்னிருந்தா?"

"நின்னு சண்டை போட்டிருந்தா, எத்தனை பேர்னு நான் இன்னொரு கேள்வி கேட்டிருப்பேன்."

கேப்டன் தங்கையைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு நிமிஷம்தானே இருக்கு, சமன் பண்ணிடலாம்னு நான்தான் ஓடிப்போய் உதைச்சேன்."