காலிக்குடம்

பறப்புக்கூண்டின் கதவை மூடுவதற்கு முன், பனைமுனையிலிருந்து வந்த குடத்தைப் பிலோமினாவிடம் நீட்டினார்கள். நன்னாரி வேர் போட்ட தண்ணீர். அண்ணாந்து குடித்தாள். நெஞ்சு வரை குளிர்ந்தது.

"போதும் பிலோ. வயிறு முட்டக் குடிச்சா தலைகீழாத் திரும்பையில புரட்டும்" என்றார் கஸ்பார். சிப்பித்துறையின் பறப்புப் பயிற்சியாளர் அவர்.

"நம்ம குடம் அந்தப் பக்கம் போயிருச்சாண்ணே?"

"அதெல்லாம் போயாச்சு. நீ வேகத்தப் பாரு."

கதவு மூடியது. கூண்டுக்குள் வானம் விரிந்தது.

சிப்பித்துறைக்கும் பனைமுனைக்கும் நடுவே கடல்நீரை நன்னீராக்கும் ஆலை ஒன்றுதான். கோடையில் அது ஓர் ஊருக்குத்தான் போதும். முன்பெல்லாம் இரண்டு ஊர்க்காரர்களும் கூடிப் பேசுவார்கள். பேச்சு முடியும்போது யாராவது ஒருவரின் படகு எரிந்துகொண்டிருக்கும். அதனால்தான் 'நடுவி' என்ற தீர்ப்பு இயந்திரம் வந்தது. ஊருக்கு ஒருவர் கூண்டில் ஏறி, நடுவி உண்டாக்கும் வானத்தில் பறந்து சண்டையிட வேண்டும். வென்ற ஊருக்குக் கோடை முழுவதும் நன்னீர். தோற்ற ஊருக்கு உப்புக்கிணறு. எதிர்த் தரப்பின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. இதற்கு 'வான்வழக்கு' என்று பெயர். நாடெங்கும் இப்படித்தான் தகராறுகள் தீர்ந்தன. யாரும் சாகவில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

முதல் தலைமுறை ஜெட் விமானங்களையே நடுவி அனுமதிக்கும். தானாகத் துரத்தும் ஏவுகணை கிடையாது. எதிராளியின் வாலுக்குப் பின்னால் நெருங்கித்தான் சுட முடியும். வெயிலையும் உடல் அழுத்தத்தையும் கூண்டு அப்படியே தரும். முதல் வழக்கில் ஒரு பறப்பாளர் வெக்கையில் மயங்கி விழ, எதிர் ஊர்ப் பெண் ஒருத்தி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒவ்வோர் ஊரும் எதிர் ஊர்ப் பறப்பாளருக்குக் குடம் அனுப்புவது வழக்கமாயிற்று. எந்த விதியிலும் அது இல்லை.

பிலோமினா சூரியனுக்கு முதுகு காட்டி உயரத்தில் காத்திருந்தாள். கீழே பனைமுனையின் மீரான் வெள்ளிப் புள்ளியாக மின்னினான்.

"மாதாவே, கூட இரு" என்று முணுமுணுத்தாள்.

தோற்க முடியாது. அவள் கணவன் ஸ்டீபனுக்கு வாரம் இருமுறை ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஊர் மருத்துவமனையின் இயந்திரம் நன்னீரில்தான் ஓடும். நன்னீர் நின்றால் கோடை முழுவதும் அவன் மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தில் போக வேண்டும். போன முறை போய் வந்த அன்று படியேற முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மூக்கைச் சாய்த்துப் பாய்ந்தாள். மீரான் சடாரென்று திரும்பினான். குண்டுகள் காற்றில் போயின. அவனைத் தொடர்ந்து அவள் திரும்பவில்லை. பாய்ந்த வேகத்திலேயே மேலே ஏறிவிட்டாள். இந்தப் பழைய விமானங்களுக்கு வேகம் வருவதற்கு வெகுநேரம் ஆகும், போவதற்கு ஒரு திருப்பம் போதும். மறுபடி பாய்ந்தாள். மறுபடி அவன் திரும்பினான். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் மெதுவானான்.

"நல்லாருக்கு" என்றது காதில் கஸ்பாரின் குரல். "இன்னும் ரெண்டு தடவ அலையவிடு. பய நின்னுருவான்."

பொதுவழியைத் திறந்தாள். இரண்டு பறப்பாளர்களும் பேசிக்கொள்ளும் வழி அது. பெரும்பாலும் கேலிக்குத்தான் பயன்படும்.

"என்ன தம்பி, மாட்டுவண்டி ஓட்டுறீங்களா?"

"ஓட்டுங்கக்கா, ஓட்டுங்க. போன வருசம் நீங்க சுட்டது பூரா மேகத்துலதானே பட்டுச்சு."

அவள் சிரித்துக்கொண்டே பாய்ந்தாள். மீரான் திரும்பினான். அப்போது, யாரும் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தான். வேகம் கூட்டும் உந்துபிடியை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டான். எண்ணெய் திடீரென்று பெருகினால் இந்த விமானங்களின் வயிற்றில் தீ அணைந்துவிடும். அவன் விமானத்தின் வாலிலிருந்து கரும்புகை ஒருமுறை வந்தது. பிறகு எதுவுமில்லை. அது காகிதம் போல் சறுக்கத் தொடங்கியது.

பிலோமினாவுக்கு வியப்பாக இருந்தது. மீரானின் கை பூப்போன்ற கை என்று சிப்பித்துறைக்காரர்களே சொல்வார்கள்.

"என்ன தம்பி ஆச்சு? கை ஏன் இப்படிப் பதறுது?"

"கண்ணு இருட்டுதுக்கா. நாக்கு ஒட்டிக்கிருச்சு."

"எங்க குடம் வந்துச்சுல்ல? குடிக்கலயா?"

"வந்துச்சு. காலிக்குடம். நாங்க யார்ட்டயும் சொல்லிக்கிடல."

அவள் பொதுவழியை மூடினாள். "அண்ணே. கொடத்துல தண்ணி ஊத்தலயா?"

"இப்ப அதுவா பேச்சு?" என்றார் கஸ்பார். "விதியில குடம்னு ஒண்ணு இருக்கா? வாலு உன் முன்னாடி இருக்கு. சுடு."

"ஊத்தலயான்னு கேக்கேன்."

"ஒரு கொடம் தண்ணி, பிலோ! ஸ்டீபன நெனச்சுப் பாரு!"

அவள் ஸ்டீபனைத்தான் நினைத்தாள். ஒரு நாளைக்கு ஒரு சின்ன டம்ளர் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று மருத்துவர் அவனுக்கு அளந்து வைத்திருந்தார். அதை அவன் நாள் முழுக்க உதட்டில் தொட்டுத் தொட்டு வைப்பான். இரவில் நாக்கு வறண்டு எழுந்து உட்கார்ந்திருப்பான். தாகம் எப்படியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

குறிவட்டத்துக்குள் மீரானின் வால் அசையாமல் நின்றது. விரலை விசையிலிருந்து எடுத்தாள். பொதுவழியைத் திறந்தாள்.

"தம்பி, பதறாதீங்க. உந்துபிடிய முழுசா பின்னால இழுங்க. மூக்கத் தாழ்த்துங்க, காத்து உள்ள போகட்டும்."

"அக்கா?"

"சொல்றதச் செய்யுங்க. இப்பத் தீப்பொறிப் பொத்தான அமுக்கிக்கிட்டே, உந்துபிடிய மெல்ல மெல்ல. பால் காய்ச்சுற மாதிரி. அவசரப்பட்டாப் பொங்கிரும்."

அவனோடு சேர்ந்து சறுக்க, அவள் தன் வேகத்தையெல்லாம் இழக்க வேண்டியிருந்தது. காதில் கஸ்பார் கத்திக்கொண்டிருந்தார். கடல் நெருங்கியது. மீரானின் வாலில் தீ சிவந்து, நீலமாகி, நிலைத்தது. அவன் மேலே ஏறினான். ஏறி, வளைந்து, அவள் பின்னால் வந்து நின்றான்.

இப்போது பிலோமினாவிடம் வேகமும் இல்லை, உயரமும் இல்லை. திரும்பினால் விழுவாள். உந்துபிடியைத் தள்ளினால் தீ அணையும். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா."

"சொல்லுங்க தம்பி."

"எண்ணெய் எவ்வளவு இருக்கு ஒங்களுக்கு?"

"தரையிறங்க மட்டும் இருக்கு."

"எனக்கும் அம்புட்டுத்தான். வாங்க, அல்லா காவல்ல எறங்கிருவோம்."

இறக்கையோடு இறக்கையாக இருவரும் ஓடுதளத்தில் இறங்கினார்கள்.

நடுவி அறிவித்தது: "வீழ்ந்தவர் இல்லை. வென்றவரும் இல்லை. தரப்பினர் நேரில் பேசி முடிவு செய்க."

யாருக்கும் எப்படி என்று தெரியவில்லை. ஒரு தலைமுறையாக யாரும் பேசியதில்லை. கூண்டுகள் நின்ற களத்தின் நடுவே பெஞ்சுகளை எதிரெதிராகப் போட்டு உட்கார்ந்தார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிலோமினாவின் ஊர்க்காரர்கள் அவளிடமிருந்து தள்ளியே இருந்தார்கள்.

கஸ்பார் வந்தார். இடுப்பில் ஒரு நிறைகுடம். சுமந்து பழக்கமில்லாததால் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. நேராக மீரான் முன்னால் போய் நின்றார்.

"குடிங்க தம்பி" என்றார்.

மீரான் குடித்தான். நிறுத்தாமல் குடித்தான். பிறகு வாயைத் துடைத்தான்.

"தண்ணியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நன்னாரிதான் போடல."

பனைமுனைப் பக்கத்தில் ஒரு கிழவர் முதலில் சிரித்தார். அப்புறம் இரண்டு பக்கமும். சிரிப்பு அடங்கியதும் பேச்சு வந்தது. இரண்டு ஊர் மருத்துவமனைகளுக்குமான நன்னீரை முதலில் தனியாக எடுத்துவைப்பது என்றார்கள். அதைக் கேட்டதும் பிலோமினா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஒருத்தி நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீதியை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது என்றார்கள். குளிப்பதற்கு இரண்டு ஊருக்கும் உப்புக்கிணறுதான். படகு எதுவும் எரியவில்லை.

இரண்டு ஊர்ப் பறப்பாளர்களும் சேர்ந்து இறங்கிய காட்சியை நாடு பார்த்தது. அடுத்தடுத்த வான்வழக்குகளில் தீ அணைந்தவருக்கு எதிராளி வழி சொன்னார். பிறகு தீ அணையாமலே இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். ஒவ்வொரு முறையும் நடுவி அதே தீர்ப்பைத்தான் சொன்னது. எதிரெதிரே உட்கார்ந்து பேசாமலிருக்க மனிதர்கள் கட்டிய இயந்திரம், உட்கார்ந்து பேசுங்கள் என்று அவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது.

சிப்பித்துறைக் களத்தில் இப்போதும் இரண்டு கூண்டுகள் இருக்கின்றன. வானம் ஓடாதபோது உள்ளே நல்ல நிழல். பேச வருகிறவர்களுக்கான குடங்களை அவற்றில்தான் வைக்கிறார்கள். தண்ணீர் சில்லென்று இருக்கிறது.