முப்பத்தொன்றும் ஐந்தும்

தான் எழுதிய விதி நிறைவேறிய வெள்ளிக்கிழமை, கோராவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதினோரு வயதில் சட்டம் போடுவதென்றால் சும்மாவா? ஹார்லோ மில்ஸ் பள்ளியில் அது முடியும். வெர்மாண்ட் மாநிலத்தில் பெரியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஊர்க்கூட்டத்தில் கைதூக்கி ஊர்க்காரியத்தை முடிவு செய்கிறார்கள் அல்லவா? அதே மாதிரி நான்காம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை உள்ள முப்பத்தாறு பிள்ளைகளும் வெள்ளிதோறும் கூடுவார்கள். அவர்களுடைய அரசியல் சாசனம் பழுப்புத்தாளில் எழுதப்பட்டுச் சுவரில் தொங்கியது. நாட்டின் சாசனத்தை எழுதியவர்கள் பின்னால் திருத்துவதற்கு வழி வைத்தார்கள் என்று படித்துவிட்டு, இவர்களும் தாளின் அடியில் ஒரு முழம் இடம் விட்டிருந்தார்கள்.

கோராவின் விதி இதுதான்: மார்ச் மாதத்தில் மூன்று முறை பிந்தி வருகிறவர்களுக்குப் பாகு விருந்து கிடையாது.

மாதக் கடைசியில் நடக்கும் அந்த விருந்துக்காகப் பிள்ளைகள் வருடம் முழுக்கக் காத்திருப்பார்கள். மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சிய கொதிக்கும் பாகைப் பனியின் மேல் ஊற்றினால் மிட்டாய் போல இறுகும். அதை முள்கரண்டியில் சுருட்டித் தின்றுவிட்டு, தித்திப்பு திகட்டும்போது ஊறுகாய் வெள்ளரியை ஒரு கடி கடிப்பார்கள். பிறகு மறுபடியும் பாகு.

ஆதரித்து முப்பத்தொரு கை, கீழே ஹார்லோ மில்ஸ் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும். எதிர்த்து ஐந்து கை. அந்த ஐந்தும் மேலே ஸ்பூனர் மலையிலிருந்து பேருந்தில் வருகிற பிள்ளைகளின் கைகள். கோரா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலைக் கூட்டத்தின் நடுவே சேற்று பூட்ஸோடு தடதடவென்று நுழைகிறவர்கள் அவர்கள்தானே?

அடுத்த வாரம் வெயில் வந்தது. உறைந்திருந்த மலைப்பாதை இளகிக் கூழானது. மலைப்பேருந்து திங்கள் பிந்தியது, செவ்வாய் பிந்தியது, புதனும் பிந்தியது. சுவரில் இருந்த பட்டியலில் ஐந்து பெயர்களுக்கு எதிரே மும்மூன்று கோடுகள் விழுந்தன. வேறு ஒரு பெயர்கூட இல்லை.

லுசெட் அந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஸ்பூனர் மலைப் பிள்ளைகளில் மூத்தவள் அவள். அவள் அழுதிருந்தால் கோரா சமாதானம் சொல்லியிருப்பாள். அவளோ சாதாரணமாகப் பேசினாள்.

"இது உங்க விதி. நீங்களே வச்சுக்கோங்க. இனிமே நாங்க கூட்டத்துல கை தூக்கப் போறதில்ல. தூக்கினாலும் அஞ்சு, தூக்காட்டியும் அஞ்சு."

"எல்லாருக்கும் ஒரே விதிதானே? ஓட்டு எடுத்துத்தானே போட்டோம்?" என்றாள் கோரா.

"ஒரு நாள் எங்க பஸ்ல வந்து பாரு" என்று சொல்லிவிட்டு லுசெட் போய்விட்டாள்.

கோராவுக்குச் சுருக்கென்றது. வந்து பார்த்தால்தான் என்ன என்ற வீம்பும் வந்தது. அப்பாவிடம் கேட்டு அனுமதி வாங்கினாள். வியாழன் காலை ஆறு மணிக்கு, காலியாக மலையேறும் பேருந்தில் போய் உட்கார்ந்தாள். ஓட்டுநர் கஸ் அவளைப் பார்த்து, பூட்ஸை இறுக்கக் கட்டிக்கொள் என்று மட்டும் சொன்னார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேலே அந்த ஐந்து பேரும் சின்ன வகுப்புப் பிள்ளைகளும் ஏற்கெனவே சாலையோரம் காத்து நின்றார்கள். ஐந்தரைக்கே எழுந்தவர்கள். இறங்கும் வழியில் இரண்டாவது வளைவில் சக்கரம் அச்சுவரை புதைந்தது. சின்னவர்கள் உள்ளேயே இருக்க, ஐந்து பேரும் எழுந்து இறங்கினார்கள். இரண்டு பேர் பலகை எடுத்தார்கள், லுசெட் மண்வாரியை எடுத்தாள். தினமும் செய்கிற வேலையைப் போல இருந்தது.

உதவப் போன கோரா இரண்டடி வைத்தாள். மூன்றாவது அடியில் கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை.

ஐந்து பேரும் சேர்ந்து தேடியும் அது அகப்படவில்லை. "ஏப்ரல் கடைசியில தானா மேல வரும். எங்கண்ணன் செருப்பு அப்படித்தான் வந்துச்சு" என்று ஆறுதல் சொன்னான் நான்காம் வகுப்பு ஓர்வில். எல்லோரும் சிரித்தார்கள். கோராவும் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பள்ளிக்குள் ஒற்றை பூட்ஸோடு நொண்டிக்கொண்டு நுழைந்தபோது மணி எட்டு இருபது. பட்டியலில் அவள் பெயருக்கும் ஒரு கோடு விழுந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. கோட்டுக்காக அல்ல. போன மாதம், மாநிலங்கள் கூடி நாட்டின் சாசனத்தை எழுதிய கதையை வகுப்பில் நாடகமாகப் போட்டபோது அவள்தான் டெலவர். குட்டி மாநிலம். அட்டைத் தொப்பி போட்டுக்கொண்டு, தலையை மட்டும் எண்ணினால் பெரிய மாநிலங்கள் எங்களை விழுங்கிவிடும் என்று தொண்டை கிழியக் கத்தியிருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். தொப்பியோடு அதையும் கழற்றி வைத்துவிட்டோமே என்று நினைத்தாள்.

மலைப் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிடலாமா என்று லுசெட்டிடம் கேட்டாள்.

"சலுகை வேணாம்" என்றாள் லுசெட். "நாளைக்கு வேற ஏதாவது போடுவீங்க. அப்பவும் முப்பத்தொண்ணு, அஞ்சுதான்."

அவள் சொன்னது சரிதான். கோரா அன்று மாலை முழுக்க எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஆசிரியை பெல்வில் ஒன்றை மட்டும் நினைவூட்டினார். விதி என்றால் பாதிக்கு மேல் போதும். சாசனத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதாவது இருபத்து நான்கு கைகள். மலைப் பிள்ளைகள் ஐவரும் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கோரா எழுந்து படித்தாள். இனி எந்த விதிக்கும் இரண்டு முறை எண்ண வேண்டும். ஒரு முறை தலைகளை, ஒரு முறை ஊர்களை. ஹார்லோ மில்ஸும் ஸ்பூனர் மலையும் இரண்டும் சரி என்றால்தான் விதி. பழைய விதிகளையும் அப்படியே மறுபடி எண்ண வேண்டும்.

ஆறாம் வகுப்பு டெக்ஸ்டர் உடனே எழுந்தான். "அப்போ அஞ்சு பேரு சேர்ந்து முப்பத்தொரு பேரைத் தடுத்துடலாம். இது என்ன நியாயம்?"

"தடுக்கலாம்" என்றாள் கோரா. "நாமளும் அவங்களைத் தடுக்கலாம். அதனால ரெண்டு பக்கமும் உட்கார்ந்து பேசித்தான் ஆகணும். டெக்ஸ்டர், செப்டம்பர்ல நீ பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போற. அங்க நானூறு பேரு. நம்ம ஊர்லேர்ந்து எத்தனை பேரு?"

டெக்ஸ்டர் விரல்விட்டு எண்ணினான். "ஒம்போது."

"அவங்க உன்கிட்ட கேட்காமலே விதி போட்டா?"

டெக்ஸ்டர் உட்கார்ந்தான்.

ஓட்டெடுப்பு நடந்தது. கைகள் ஒன்றிரண்டாக எழுந்தன. டெக்ஸ்டரின் கை கடைசியாக, காதளவுக்கு வந்து நின்றது. பெல்வில் எண்ணினார். பத்தொன்பது.

இன்னும் ஐந்து வேண்டும். கோரா பின்வரிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவது போல ஆகிவிடும்.

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. லுசெட்டின் கை எழுந்தது. பிறகு ஓர்வில். பிறகு மற்ற மூவர்.

"இருபத்து நாலு" என்றார் பெல்வில், இரண்டாம் முறையும் எண்ணிவிட்டு.

கோராவின் பழைய விதி ஊர்களின் எண்ணிக்கையில் விழுந்தது. அதற்கு எதிராக மலையிலிருந்து எழுந்த கைகளைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. லுசெட் புது விதி ஒன்று கொண்டுவந்தாள்: பிந்தி வருகிறவர்கள் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். அதற்கு இரண்டு ஊர்களும் கை தூக்கின.

விருந்து நாளில் புதுச் சிக்கல் முளைத்தது. பாகு தயார், வெள்ளரி தயார். கீழே எங்கும் பனி இல்லை, எல்லாம் உருகிப் போயிருந்தது. டெக்ஸ்டர் கட்டடத்தின் நிழலிலெல்லாம் தேடி ஒரு கைப்பிடி அழுக்குப் பனியோடு திரும்பினான்.

அன்றைக்கும் மலைப்பேருந்து அரைமணி பிந்தியது. கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தது ஒரு பெரிய தொட்டி. பிறகு இன்னொன்று. மலையுச்சி மரநிழலில் அள்ளிய வெள்ளைவெளேர் பனி, இரண்டிலும் விளிம்பு தட்ட.

எல்லோரும் ஓடினார்கள். லுசெட் மட்டும் வாசலில் குனிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு அதெல்லாம் வேணாம், வா" என்றாள் கோரா.

"அதெப்படி?" என்றாள் லுசெட், காலுறையோடு நிமிர்ந்து. "நம்ம விதியாச்சே."