இரண்டு நூல் ஹோஸ்

எழுபது வருஷமாகக் கடலுக்கடியில் கிடக்கும் கோயில் மணியை எடுக்கப் போகிறவர்கள் விடியலிலேயே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் வேலாந்துறைக் கரையில் மணி எட்டாகியும் மூன்று பேர் ஒரு டிரம்மைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

படகு மணலில் கிடந்தது. அதன் பின்பக்கம் தொண்ணூறு குதிரைச் சக்தி எஞ்சின் புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் அடிக்கால் தண்ணீர் நிரம்பிய டிரம்முக்குள் இருந்தது. மெக்கானிக் கஸ்பார் சாவியைத் திருகினான். எஞ்சின் ஒரே பிடியில் உறுமிக் கிளம்பியது.

"பாத்தியாலே, குயில் மாதிரி கூவுது" என்றான் தொபியாஸ். இந்தப் பயணத்தின் தலைவன் அவன்தான். சங்கு குளிப்பவன். மணியை ஏற்றி வந்த தோணி மூழ்கிய இடத்தைக் கோயிலின் பழைய பதிவேட்டில் கண்டுபிடித்தவனும் அவனே. 'ஆவுளியாப் பாருக்கு வடக்கே, நாலு பாக ஆழத்தில் மணியோடு தோணி முழுகிற்று' என்று அதில் ஒரே ஒரு வரி இருந்தது. ஒரு பாகம் என்றால் ஆறடி. அந்த வரியை நம்பி ஊரே காத்திருந்தது. இன்னும் நாலு நாளில் கச்சான் காற்று எழும்பிவிடும். அப்புறம் அந்தப் பாறைத் திட்டுப் பக்கம் போவதை அடுத்த வருஷம்தான் நினைக்க வேண்டும்.

டிரம்மில் ஓடினால் கடலிலும் ஓடும். வேலாந்துறையில் இதற்கு மறுபேச்சு கிடையாது. எல்லோரும் கைதட்டினார்கள். கஸ்பார் மட்டும் பெட்ரோல் டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸைப் பார்த்தும் பார்க்காததுபோல் நின்றான்.

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைப் பட்டறைக்காரர்கள் நூல் என்பார்கள். இந்த எஞ்சினுக்கு மூன்று நூல் ஹோஸ் வேண்டும். கஸ்பாரின் பட்டறையில் இருந்ததோ இரண்டு நூல். பதினைந்து குதிரைப் பழைய எஞ்சின்களுக்குப் போடுவது. தூத்துக்குடிக்குப் போய் வாங்கிவர அரை நாள் ஆகும். "நாளைக்குள்ள முடியுமாலே?" என்று முந்தின நாள் சாயங்காலம் தொபியாஸ் கேட்டபோது, முடியாது என்ற சொல் கஸ்பாரின் வாயிலிருந்து வரவில்லை. பெரிய எஞ்சின் தொட்ட மெக்கானிக் என்ற பெயர் கெட்டுவிடுமே. எஞ்சின் முனையில் வாயைச் சுருக்கும் ரெடியூசரைச் சொருகி, சின்ன ஹோஸை மாட்டி, கிளிப்பை இறுக்கிவிட்டான். டிரம்மில் எஞ்சினுக்குச் சுமை இல்லை. சும்மா நிற்கிறவனுக்குக் கால் வயிற்றுக் கஞ்சி போதும். மூட்டை தூக்கும்போதுதானே பசி தெரியும்? அது கஸ்பாருக்கு நன்றாகவே தெரியும்.

படகு கடலில் இறங்கியது. மூன்றாவது ஆள் வினோலியா, தொபியாஸின் தங்கை. சுக்கான் பிடிப்பதில் அண்ணனையே மிஞ்சியவள். பெட்ரோல், தண்ணீர், சோறு எல்லாம் அவள் பொறுப்பு.

ஆழம் வந்ததும் தொபியாஸ் முழு வேகம் கொடுத்தான். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது, எஞ்சின் விக்கியது. வேகம் தொங்கிப்போய், மறுபடி எகிறி, மறுபடி தொங்கியது.

கஸ்பார் குனிந்து பார்த்தான். ஹோஸின் நடுவே இருக்கும் ரப்பர் பல்பு, கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றுகிற உருண்டை, உறிஞ்சப்பட்டுச் சப்பையாகக் கிடந்தது. எருமைக்குக் குழந்தைப் பாலாடையில் தண்ணீர் காட்டினால் எப்படி இருக்கும்? எஞ்சின் உறிஞ்சுகிறது, ஹோஸால் கொடுக்க முடியவில்லை.

"என்னலே ஆச்சு?" என்றான் தொபியாஸ்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. கரை இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது. திரும்பியிருக்கலாம்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்" என்றான் கஸ்பார்.

வினோலியாவின் முகம் சுருங்கியது. "நான் துணி போட்டு வடிச்சுத்தானண்ணே ஊத்தினேன்."

"துணி நனைஞ்சிருந்திருக்கும்."

தொபியாஸ் தங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேகத்தைப் பாதியாகக் குறைத்தான். எஞ்சின் சமர்த்தாக ஓடியது. தன் தப்பை மறைக்க இன்னொருத்தி தலையில் பழியைக் கட்டிவிட்டோமே என்று நினைக்க நினைக்கக் கஸ்பாருக்கே தன்னைப் பிடிக்கவில்லை. அவள் நீட்டிய சோற்றை வேண்டாம் என்றுவிட்டான்.

பதினோரு மணிக்கு ஆவுளியாப் பார் வந்தது. தண்ணீருக்கடியில் பாறைகள் கருப்பாக நீண்டு கிடந்தன. சிறு கம்ப்ரசரிலிருந்து காற்றுக் குழாய் போட்டுக்கொண்டு தொபியாஸ் குதித்தான். ஒரு முறை, இரண்டு முறை, ஐந்து முறை. ஆறாவது முறை மேலே வந்தபோது அவன் சிரித்த சிரிப்பிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"கெடக்குடே! மண்ணுக்குள்ள வாய் பொதைஞ்சு கெடக்கு!"

கடப்பாரையால் மண்ணைத் தோண்டி, மணியில் கயிறு கட்டி, நான்கு காலி கேன்களைக் கட்டி, அவற்றுக்குள் காற்றுக் குழாயை நுழைத்து நிரப்பினான். எண்பது கிலோ வெண்கலம் மெல்ல அசைந்து, மண்ணைக் கலக்கிக்கொண்டு மேலே வந்தது. மூவரும் சேர்ந்து உருட்டிப் படகுக்குள் ஏற்றினார்கள். பாசியைச் சுரண்டிய இடத்தில் ஒரு சிலுவை தெரிந்தது. வினோலியா அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"கடப்பாரை கீழயே கெடக்கு, எடுத்துட்டு வாரேன்" என்று தொபியாஸ் மறுபடி இறங்கினான்.

திரும்பி வந்தபோது அவனைச் சுற்றித் தண்ணீர் சிவந்திருந்தது. மண்ணுக்குள் பதுங்கியிருந்த திருக்கை மீனை மிதித்திருக்கிறான். அதன் வால்முள் தொடையைக் கிழித்துவிட்டது. வினோலியா தன் துப்பட்டாவை மடித்துக் காயத்தில் வைத்து அழுத்திக் கட்டினாள். துணி சிவந்துகொண்டே வந்தது. தொபியாஸுக்குப் பல் கிட்டியது. வலியா விஷமா, தெரியவில்லை. போனுக்கு அங்கே சிக்னலும் கிடையாது.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துல போயாகணும்" என்றாள் வினோலியா. முழு வேகத்தில் போனால் ஒரு மணி நேரம். பாதி வேகத்தில் மூன்று. போதாதற்கு இப்போது எதிர்க்காற்று, எதிர் நீரோட்டம்.

அவள் முழு வேகம் கொடுத்தாள். இரண்டு நிமிஷம். எஞ்சின் விக்கியது, தொங்கியது, நின்றேவிட்டது. படகு பாறைப் பக்கம் திரும்பி ஒதுங்கியது. கஸ்பார் பல்பை அமுக்கிக் கிளப்பினான். மறுபடி இரண்டு நிமிஷம், மறுபடி நின்றது.

வினோலியா அண்ணனைப் பார்த்தாள். பிறகு மணியைப் பார்த்தாள். எழுந்து வந்து அதன் விளிம்பில் இரண்டு கையையும் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தாள்.

"என்ன செய்யற?"

"பாரம் தாங்கலண்ணே. மணியைத் தள்ளிடுவோம். ஊர்க்காரங்க என்னைத் திட்டிக்கட்டும். பெட்ரோலைக் கெடுத்ததும் நான்தான்."

அலையில் படகு சாய, மணி உருண்டு ஓரத்தில் ஏறிவிட்டது. இன்னும் ஒரு உந்தலில் போய்விடும். கஸ்பாரால் அதற்கு மேல் முடியவில்லை. பாய்ந்து மணியைக் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்தான்.

"தள்ளாத. பாரமும் இல்ல, பெட்ரோலும் இல்ல. நான்தான். மூணு நூல் ஹோஸ் போட வேண்டிய எடத்துல ரெண்டு நூல் போட்டேன். கரையிலயே தெரியும். தெரிஞ்சுதான் உன் மேல பழி போட்டேன்."

காற்று இரைந்தது. படகின் அடியில் படுத்திருந்த தொபியாஸ் கண்ணைத் திறந்து பார்த்தான். வினோலியா கஸ்பாரை அடித்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் அடிக்கவில்லை.

"இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லு" என்றாள். 'அண்ணே' என்ற சொல் போய்விட்டது, மரியாதையும் போய்விட்டது.

கஸ்பார் சுற்றிலும் பார்த்தான். தொபியாஸின் காற்றுக் குழாய் சுருண்டு கிடந்தது. நைலான் பின்னல் போட்டது, நல்ல கனம். முனையை விரலால் அளந்தான். மூன்று நூல்! பெட்ரோல் பட்டால் சீக்கிரம் இளகிவிடும்தான். ஒரு மணி நேரம் தாங்காதா?

கத்தியை எடுத்தான். தேவையான நீளத்துக்குக் காற்றுக் குழாயை வெட்டினான். இரண்டு நூல் ஹோஸை அறுத்து எறிந்தான். ரெடியூசரைப் பிடுங்கினான். டாங்கியின் வாய்க்குழாயும் சின்னதுதான், அதை நம்ப முடியாது. கூடுதலாகக் கொண்டுவந்த பெட்ரோல் கேனைத் திறந்து குழாயின் ஒரு முனையை நேரே அடிவரை இறக்கி, கந்தலால் கேனின் வாயைச் சுற்றி அடைத்தான். நடுவில் பல்பு, மறுமுனை எஞ்சினில். கேனைத் தூக்கி எஞ்சினைவிட உயரமாகப் பலகை மேல் வைத்துக் கட்டினான். படகு ஆடியதில் கிளிப் ஒன்று கடலில் விழுந்தது. அந்த இடத்தில் தூண்டில் நரம்பைச் சுற்றி இறுக்கினான். பாறையில் மோதும் அலைச் சத்தம் இப்போது தெளிவாகக் கேட்டது.

"வேகம் கொடு" என்றான் வினோலியாவிடம்.

எஞ்சின் உறுமியது. ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று. விக்கவில்லை. படகு மூக்கைத் தூக்கியது. பாறையை விட்டு விலகி, எதிர் நீரோட்டத்தைக் கிழித்துக்கொண்டு கரையை நோக்கிப் பாய்ந்தது. தொபியாஸின் காலை மணி மேல் தூக்கி வைத்து, காயத்தை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையில் பல்பைப் பிடித்தபடி கஸ்பார் உட்கார்ந்திருந்தான். அது சப்பையாகிறதா என்று ஒவ்வொரு நொடியும் தடவிப் பார்த்தான். பாதி வழியில் குழாய் கொழகொழவென்று இளக ஆரம்பித்தது. வாய்க்கு வந்த புனிதர்களையெல்லாம் கூப்பிட்டான்.

ஐம்பத்தைந்து நிமிஷத்தில் கரை.

ஆஸ்பத்திரியில் முள்ளின் துண்டை எடுத்து, தையல் போட்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டான் என்றார் டாக்டர். வெளியே ஊரே கூடி நின்றது. காற்றுக் குழாயை வெட்டி உயிரையும் மணியையும் காப்பாற்றிய கெட்டிக்காரன் என்று கஸ்பாரைத் தோளில் தூக்கினார்கள். வினோலியா யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அந்தத் தோளின் மேல் உட்கார்ந்திருப்பதைவிடக் கேவலம் அவனுக்கு வாழ்க்கையில் நேர்ந்ததில்லை.

"எறக்கி விடுங்க" என்றான். இறங்கி நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். தூக்கிய கைகள் தளர்ந்தன. கொஞ்சப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வார்டுக்குள் போனான். "இவகிட்ட மன்னிப்புக் கேட்டியாலே?" என்றான் தொபியாஸ், படுத்தபடியே.

கஸ்பார் கேட்டான்.

"வேற எத்தனை படகுல இப்படி மாட்டியிருக்க?" என்று கேட்டாள் வினோலியா.

அவன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். "நாலு."

மறுநாள் முதல் பஸ்ஸில் தூத்துக்குடி போய் மூன்று நூல் ஹோஸ் ஒரு சுருள் வாங்கி வந்தான். மூன்று படகுகளில் பழையதை அறுத்து, புதியதை மாட்டி, ஒவ்வொருவரிடமும் தன் தப்பைச் சொன்னான். ஒருவர் சிரித்தார், ஒருவர் கெட்ட வார்த்தையில் வைதார். டிரம்மில் மட்டும் பார்க்காதீர்கள், கடலில் முழு வேகத்தில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்த பிறகு என்னை நம்புங்கள் என்று கெஞ்சினான்.

நான்காவது படகு சில்வெஸ்டருடையது. அது விடியலிலேயே கடலுக்குப் போயிருந்தது.

கோயிலில் மணியை ஏற்றிவிட்டார்கள். எழுபது வருஷத்துக்குப் பிறகு அதன் சத்தம் கரையெங்கும் கேட்டது. ஆள் மாற்றி ஆள் கயிற்றை இழுத்தார்கள். கஸ்பார் போகவில்லை. ஹோஸ் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்து, தண்ணீர் ஓரத்திலேயே நின்றான். ஒன்றானது, இரண்டானது.

மூன்று மணிக்குத் தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. அவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டான். மீனோடு படகு மெல்ல வந்து சேர்ந்தது. கஸ்பார் அதன் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"ஏம்லே அழுவுற?" என்றார் சில்வெஸ்டர். "ஊரே கோயில்ல கெடக்கு, மணி பாக்கப் போகலையா?"

"எஞ்சினை நிறுத்துங்கண்ணே" என்றான் கஸ்பார். "நான் மாட்டினதை நானே கழட்டணும்."