காது போன கோப்பை

"எதைக் கலந்தே? சொல்லுடி!"

"பெரியம்மா, நான் எதையுமே—"

"எட்டு வருஷம் சோறு போட்டு வளர்த்ததுக்கு—"

"—தொடல பெரியம்மா, நீங்கதானே—"

"நானா? வாய் நீளுது பாரு! என் பொண்ணு தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டு, பேச்சு வேற!"

வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர் அம்மாள் தொண்டையைச் செருமினார். சத்தம் பட்டென்று நின்றது.

முந்தின நாள் காலையில், ஊரின் பெரிய தனியார் பல்கலைக்கழகம் மெரிட் ஸ்காலர்ஷிப் தேர்வு நடத்தியது. ஒரு பள்ளிக்கு ஒரே இடம். ஜெயித்தவளுக்குப் படிப்பு முடியும்வரை கட்டணம் கிடையாது. தேர்வு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் இந்த வீட்டு மகள், பாப்பா, வினாத்தாள் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனாள். உலுக்கியும் எழவில்லை. ரத்தத்தில் தூக்க மாத்திரை என்றார்கள் ஆஸ்பத்திரியில். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடைசிக் கேள்விவரை எழுதிவிட்டு வந்தவள், பாப்பாவின் அம்மாவுடைய இறந்துபோன தங்கையின் மகள். பெரியம்மா அவளுக்கு வைத்த பெயர் சுண்டெலி.

"இவதான் கலந்தான்னு நீங்க எழுதிக் குடுங்க, போதும்," என்றாள் பாப்பாவின் தாய். "இவ பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு என் பொண்ணுக்கு மறுபடி தேர்வு வைக்கிறோம்னு பல்கலைக்கழகத்துல சொல்லிட்டாங்க."

"எழுதலாம். மாத்திரை யாரோடது?"

"என்னோடது. எனக்குத் தூக்கம் வராது. அலமாரியில திறந்துதான் கிடக்கும். எலி புகாத இடமா?"

"தேர்வுக்கு முன்னாடி பாப்பா என்ன சாப்பிட்டா?"

"பால் மட்டும்தான். நான்தான் கலந்தேன். மாடிக்கு எடுத்துட்டுப் போனது இவ."

இன்ஸ்பெக்டர் சுண்டெலியின் பக்கம் திரும்பினார்.

"கலக்கும்போது நீ எங்க இருந்தே?"

"பக்கத்துலயே நின்னேன் மேடம். பெரியம்மா ரெண்டு கோப்பையிலயும் சர்க்கரை போட்டுக் கலக்கிக் குடுத்தாங்க. எடுத்துட்டுப் போனேன். அவ்வளவுதான்."

"உங்க ட்யூஷன் வாத்தியாரைப் பார்த்துட்டுத்தான் வரேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "யாருக்கு வாய்ப்புன்னு கேட்டேன். மத்தவங்க எல்லாம் கூட்டம் சேர்க்க வந்தவங்க, இந்த ரெண்டு பேர்தான்னார். மாதிரித் தேர்வு எல்லாத்துலயும் சுண்டெலிதான் முதல். பாப்பா ஒரு மார்க், ரெண்டு மார்க்ல ரெண்டாவது."

"அந்த ஆளுக்கு வாய் ஜாஸ்தி."

"ஆமா. உங்ககிட்டயும் ஒண்ணு சொன்னாராமே, சிரிச்சுக்கிட்டே? 'சுண்டெலி அன்னைக்குக் காய்ச்சல்ல படுத்தா, பாப்பாவுக்கு லட்டு மாதிரி'ன்னு?"

தாய் சமையலறைக்குப் போனாள். டீயோடு திரும்பினாள். இன்ஸ்பெக்டருக்கு ஒரு கோப்பை. பாப்பாவுக்குப் பூப்போட்ட கோப்பை. அதில் மூன்று கரண்டி சர்க்கரை. காது உடைந்த வெள்ளைக் கோப்பையைச் சுண்டெலிக்குத் தள்ளினாள். அதில் சர்க்கரை விழவில்லை.

தாய் தட்டைத் துடைக்கத் திரும்பினாள். அந்த இடைவெளியில் சுண்டெலியின் கை மேசைமேல் நகர்ந்தது. காது போன கோப்பை பாப்பாவின் முன்னால். பூப்போட்டது இவள் முன்னால். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் தன் டீயைக் கீழே வைத்தார்.

"பாப்பா, உனக்குச் சர்க்கரை பிடிக்காதா?"

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். "குமட்டும். சொன்னா அம்மா திட்டுவாங்க. இவளுக்கு இனிப்புன்னா உயிர். அதான் தினமும் மாத்திக்குவோம்."

"நேத்து?"

"நேத்தும் எனக்கு வெள்ளைக் கோப்பைதான். ஆனா இனிச்சுது. பரீட்சை நாளாச்சே, அம்மா இவளுக்கும் சர்க்கரை போட்டிருக்காங்கன்னு நினைச்சேன். சந்தோஷமா இருந்துச்சு. குமட்டினாலும் பரவாயில்லன்னு முழுசாக் குடிச்சேன்."

தாயின் கையிலிருந்த தட்டு விழுந்து அறை முழுதும் சுழன்று அடங்கியது.

"அந்த மாத்திரை வேப்பங்காயாக் கசக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர். "சும்மா பால்ல போட்டா ஒரு வாய்க்கு மேல இறங்காது. எட்டு வருஷமா ஒரு கரண்டி சர்க்கரை பார்க்காத கோப்பைக்கு நேத்து மட்டும் ஏன் சர்க்கரை வந்துச்சு? கசப்பை மறைக்க. நீங்க மருந்து வெச்சது இந்தப் பொண்ணுக்கு. குடிச்சது உங்க பொண்ணு."

"நான்... என் கையாலேயே..." தாய் அப்படியே தரையில் சரிந்தாள். பிறகு தலையைத் தூக்கிச் சுண்டெலியைப் பார்த்து, "நீ குடிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றாள்.

"எழுந்திருங்க. ஸ்டேஷனுக்குப் போகணும்." இன்ஸ்பெக்டர் சுண்டெலியின் தோளைத் தட்டினார். "உன் பேப்பருக்கு ஒண்ணும் ஆகாதும்மா. இடம் உனக்குத்தான்."

சுண்டெலி தலையசைத்தாள். பூப்போட்ட கோப்பையை எடுத்து, டீயை நிதானமாகக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

பாப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முன்னால் இருந்த வெள்ளைக் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்தாள்.

"ரெண்டுலயும் சர்க்கரை போட்டதைப் பக்கத்துலயே நின்னு பார்த்தேன்னியே... அப்புறம் எதுக்குடி மாத்தி வெச்சே?"