இணைப்பில் இல்லாத ஸ்விட்ச்

கணினி விழித்து முதல் வரியைக் காட்டியபோதே அவளுக்குத் துணுக்கென்றது. ஸ்விட்ச் இணைப்பில் இருக்கிறது என்றது திரை. அந்த ஸ்விட்சோ வயர் சுற்றியபடி கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. கணினியின் பின்பக்கம் விரலால் தடவிப் பார்த்தாள். துளை காலியாகத்தான் இருந்தது.

கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பழைய ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றியதில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். கணினி பழுது பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. இதைவிட வேடிக்கையெல்லாம் பார்த்திருக்கிறாள்.

வாதம் அடித்து வாய் பேச முடியாமல் கிடந்த அப்பாவுக்காக வைத்த கணினி அது. திரையில் எட்டுச் சொற்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய சொல் வரும்போது, முகத்தருகே பொருத்திய வட்ட ஸ்விட்சை அவர் கன்னத்தால் அழுத்துவார். கணினி அதை உரக்கச் சொல்லும். எல்லாம் ஆமை வேகத்தில் நகர்ந்ததால், வேறு இயங்குதளம் போட்டுத் தருகிறேன் என்று அவள்தான் அடம்பிடித்து இறங்கினாள். கணினி அதை ஏற்க மறுத்தது. கிட்டத்தட்ட இதே மாடலுக்கென்று இணையத்தில் யாரோ போட்டிருந்த ஃபர்ம்வேரை ஏற்றினாள். புது இயங்குதளம் ஜோராக எழுந்தது. ஸ்விட்சைத்தான் அதற்கு அடையாளம் தெரியவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்து அறைக்குப் போனவள், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். எழுந்து வந்தபோது அப்பாவுக்கு மூச்சில்லை.

"தூக்கத்துலயே போயிட்டார்ணா" என்றாள் அண்ணனிடம். வந்தவர்களிடமெல்லாம் அவனும் அதையே சொன்னான்.

இன்று அவன் கணினியை எடுத்துப்போக வருகிறான். நண்பரின் மனைவிக்கும் இதே நிலைமையாம்.

வெளியே மழை விட்டும் கூரைக்குழாயில் நீர் விட்டுவிட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனை கழுவியும் போகாத தைலவாடை மெத்தையிலிருந்து மெல்ல எழுந்து, சூடேறிய கணினியின் தூசிவாடையோடு கலந்து, யாரோ மிக அருகில் மூச்சு விடுவதுபோல அவள் கழுத்தில் பட்டது.

"தண்ணி" என்றது கணினி.

அவள் எதையும் தொடவில்லை.

"தண்ணி." சற்று இடைவெளி. "தண்ணி." மறுபடி இடைவெளி, அழுத்திக் களைத்த கன்னம் இளைப்பாறுவதுபோல. "வலி."

அப்பா அன்று அழுத்தியதெல்லாம் எங்கோ தேங்கியிருந்து இப்போது வருகிறது என்று மனதுக்குச் சமாதானம் சொன்னாள். அது ஒட்டவில்லை. கணினியின் வன்வட்டை இரண்டு முறை துடைத்தழித்ததே அவள்தான்.

போன் அடித்தது. அண்ணன்.

"கிளம்பிட்டேன். ரெடியா?"

"ரெடிண்ணா. டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன்."

"வா" என்றது கணினி.

"யாரு பேசறது?"

"கம்ப்யூட்டர்தாண்ணா. நான்தான் அமுக்கிப் பாக்கறேன்."

"இவ்ளோ நல்லா வேலை செய்யுது. கடைசில நம்மள ஒரு வார்த்தை கூப்பிடாமயே போயிட்டாரேன்னுதான் மனசு கேக்கல. நீ பக்கத்து ரூம்லதானே இருந்தே?"

"ஆமாண்ணா. கூப்பிடவே இல்ல."

கணினி அடங்கியது. கூரைக்குழாயும் சொட்டுவதை நிறுத்தியிருந்தது.

பிறகு எட்டாவது சொல் ஒளிர்ந்தது. வீட்டில் அவளைக் கூப்பிடும் பெயர்.

"குட்டிமா. வா. குட்டிமா. வா."

மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை அணைந்தது.

"குட்டிமா. வா."

குரல் அணையவில்லை.

கறுத்த திரையில் அவள் முகம். இடது கன்னத்தில் வட்டமாக ஒரு பள்ளம்.

அன்று அப்பாவின் கன்னத்தில் இருந்த அதே பள்ளம். வெகுநேரம் அழுத்தி அழுத்திப் பதிந்தது. அண்ணன் வருவதற்குள், வெந்நீரில் நனைத்த துண்டால் அவள் ஒற்றி ஒற்றி மறைத்தது.

"வா."

பள்ளம் இறங்கியது. உள்ளே பல்லில் சதை மோதியது.

"குட்டிமா?" என்றான் அண்ணன் போனில். "என்னடா, லைன்ல இருக்கியா?"

வாயைத் திறந்தாள். நாக்கு புரளவில்லை. கடைவாயில் எச்சில் வழிந்தது.

"வா."

இன்னும் ஆழமாக.

"வா."