பதினேழாம் பக்கம்

மின்பணி டீச்சர் உட்கார மறுத்தார். நாற்காலி காட்டியாகிவிட்டது, மின்விசிறியைச் சுழலவிட்டாகிவிட்டது, தண்ணீரும் வந்துவிட்டது. மூன்றையும் சட்டை செய்யாமல் அவர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்து சர்வேயர் வீட்டுக் கூடத்தை அளந்துகொண்டிருந்தார்.

"சார், அது என் கையெழுத்துதான். ஆனா நான் அதுல கையெழுத்துப் போடலை."

"அப்ப பேயா வந்து போட்டுச்சு?" என்றான் சர்வேயரின் மைத்துனன்.

சர்வேயர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. மைத்துனன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். இருபது வருடமாகப் பிறர் ஓட்டும் வண்டியில் பிரேக் பிடித்தே பழகியதால், வீட்டு நாற்காலியில் இருக்கும்போதும் அந்தக் கால் சும்மா இருக்காது. சர்வேயர் அவனுக்கு நேர்மாறு. காப்பீட்டு நிறுவனத்தில் முப்பது வருடம், எரிந்துபோன கடைகளுக்குள் கைகட்டி நின்று, தானாகப் பிடித்த நெருப்பா, முதலாளி பிடிக்கவைத்த நெருப்பா என்று சொல்லிவந்தவர். ஓய்வு பெற்றும் பழக்கம் விடவில்லை.

"மெதுவா, ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்கம்மா."

டீச்சர் மெதுவாகச் சொல்லவில்லை, ஆரம்பத்திலிருந்து சொன்னார்.

அவர் மின்பணி கற்றுக்கொடுப்பது ஒரு சமுதாயக் கல்லூரியில். பகலில் ஒரு கூட்டம் படிக்கும்; மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை, வேலை முடித்து வந்து நூற்று நாற்பது பேர் படிப்பார்கள். கல்லூரியை நடத்துவது 'கூட்டு நிர்வாகம்'. அதாவது முதல்வர், ஆசிரியர் பிரதிநிதி, மாணவர் பிரதிநிதி மூவரும் வட்ட மேசையில் அமர்ந்து, முதல்வர் சொல்வதை ஒருமனதாக முடிவு செய்வார்கள். இந்த வருடம் ஐந்தாண்டுக் கொள்கைத் திட்டம் எழுதினார்கள். மாதத்துக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு வரைவு, ஆகப் பன்னிரண்டு வரைவு. ஒவ்வொன்றும் நாற்பத்திரண்டு பக்கம். பக்கங்கள் கூடவுமில்லை, குறையவுமில்லை. வரிகள்தான் இடம் மாறி உட்கார்ந்தன. ஒவ்வொரு வரைவின் ஒவ்வொரு பக்கத்து அடியிலும் மூவரும் சுருக்கொப்பம் இட வேண்டும். அது முதல்வர் கொண்டுவந்த ஏற்பாடு. அதற்குப் பெயர் வெளிப்படைத்தன்மை.

"போன வாரம் பன்னிரண்டாவதுதான் கடைசின்னு முடிவாச்சு. பதினேழாம் பக்கத்துல மாலைப் பிரிவுக்கு ரெண்டாவது பட்டறைன்னு இருந்துச்சு. படிச்சுத்தான் போட்டேன். நேத்து அறிவிப்புப் பலகையில பார்த்தா, அதே பதினேழாம் பக்கத்துல மாலைப் பிரிவை மூடணும், பட்டறையைக் கூட்ட அரங்கமா மாத்தணும்னு இருக்கு. கீழே என் ஒப்பம்! நேத்து என் வகுப்புல ஒருத்தர்கூட ஸ்க்ரூடிரைவரைத் தொடலை சார். என்னையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆட்சி மன்றம் கூடுது. அவங்க ஒப்புதல் குடுத்துட்டா அவ்வளவுதான்."

"கம்ப்யூட்டர்ல இருக்குமே?" என்றான் மைத்துனன்.

"இருக்கு. 'இறுதி', 'இறுதி இரண்டு', 'உண்மையான இறுதி', 'இதுவே இறுதி'ன்னு நாலு இருக்கு. எது எதுன்னு யாருக்கும் தெரியாது. ஒப்பம் போட்ட தாளைத்தான் மன்றம் பார்க்கும்."

சர்வேயர் செருப்பை மாட்டிக்கொண்டார். அப்போது மணி நாலேகால்.

கல்லூரி முதல்வர் அவர்களை இரு கை விரித்து வரவேற்றார். ஒளிக்க எதுவுமில்லாதவர் என்பதை ஒலிபெருக்கி இல்லாமலே ஊருக்குச் சொல்லக்கூடிய குரல்.

"தாராளமா பாருங்க! எங்ககிட்ட எல்லாம் திறந்த புத்தகம். பதினேழாம் பக்கமா? அதுல ஒவ்வொரு சொல்லும் என் பேனாவுல பிறந்தது. தொலைநோக்கு! டீச்சர் கையெழுத்துப் போட்டுட்டு இப்ப மாணவர்களுக்குப் பயந்து பின்வாங்கறாங்க. மனித இயல்பு. நான் மன்னிச்சுட்டேன்."

"நான் கேக்கவே இல்லையே!" என்றார் டீச்சர்.

வெளியே வந்ததும் மைத்துனன் சர்வேயர் முழங்கையைப் பிடித்தான். "அத்தான், ஆளு தானாவே ஒத்துக்கிட்டாரு! கூட்டம் போட அரங்கம் வேணும்னு பட்டறைக்கே குழி பறிச்சிருக்காரு. கேஸ் முடிஞ்சுது, போலாமா?"

"கியர் மாத்தாம ஓட்டாதே."

மாணவர் பிரதிநிதி கல்லூரிப் பட்டறை வாசலிலேயே பிடிபட்டார். பகலில் வண்டி பழுதுபார்க்கும் கடையில் வேலை, அன்று பாதியில் விட்டு வந்திருந்தார்; முப்பது வயது, நகக் கண்ணில் கிரீஸ். நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தார்.

"என்னையும் துரோகிங்கறாங்க சார். ஒரு கூட்டம் தவறவிட்டதில்லை. மழைக்காலத்துல ஜாக்கி நழுவி வலது மணிக்கட்டு ஒடிஞ்சுது. அந்த மாசம் கட்டோட வந்து இடது கையால நாப்பத்திரண்டு பக்கமும் போட்டேன். அதுக்கு இதுதான் மரியாதை."

"எத்தனை கூட்டம் அப்படி?"

"ஒண்ணே ஒண்ணு. அடுத்ததுக்குள்ள கட்டுப் பிரிச்சாச்சு."

அலுவலகத்தில் கண்காணிப்பாளர் எழுந்து நின்றார். பதினோரு வருடமாகக் கல்லூரியின் கோப்பும் சாவிக்கொத்தும் அவரிடம்தான். கூட்டங்களில் குறிப்பெடுப்பார், தேநீர் தருவிப்பார், கடைசியில் கதவைப் பூட்டுவார். அவர் தலைக்கு மேல் இருந்த கடிகாரம் ஐந்தைத் தாண்டி ஓடியது. சர்வேயர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; நாலு நாற்பத்தைந்து.

"இருபது நிமிஷம் முந்திப் போகுதே?"

"அது அப்படித்தான் சார்" என்று கண்காணிப்பாளர் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அலமாரியின் மேல்தட்டில் இரண்டு டிபன் பாக்ஸ்கள் இருந்தன. ஒன்று கழுவிக் கவிழ்த்திருந்தது. மற்றது மூடியபடி, கனமாக.

"பழைய வரைவெல்லாம் கிழிச்சுப் போட்டிருப்பீங்களே?"

"கிழிக்கறதா?" கண்காணிப்பாளர் கேட்கக்கூடாததைக் கேட்டவர்போல் பார்த்தார். "பன்னிரண்டு வரைவும் பன்னிரண்டு ஃபைல்ல இருக்கு. எல்லாத்துலயும் நாப்பத்திரண்டு. நான் வந்ததிலேர்ந்து இந்த ஆபீஸ்ல ஒரு தாள் குறைஞ்சதில்லை சார். வேணும்னா எண்ணிக்கோங்க."

இறுதித் திட்டத்தை மட்டும் வாங்கி, சர்வேயர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மேல்வரிகளை அவர் படிக்கவே இல்லை. எல்லாப் பக்கத்தின் அடியையும் பார்த்தார். பதினேழில் சற்று நின்றார். மைத்துனன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். முதல்வரின் பச்சை மை, டீச்சரின் நீல மை, மாணவர் பிரதிநிதியின் கறுப்பு மை. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

"ஒண்ணும் தெரியலையே அத்தான்!"

"எல்லாரையும் கூட்ட அறைக்குக் கூப்பிடு."

வட்ட மேசையைச் சுற்றி மூன்று நாற்காலிகள். மேசை வட்டமாயிருப்பது சமத்துவத்துக்காக. முதல்வர் நாற்காலிக்கு மட்டும் சக்கரமும் தலைசாய்க்க மெத்தையும் இருப்பது அவர் முதுகுக்காக. மூவரும் அமர்ந்தார்கள். கண்காணிப்பாளர் வழக்கம்போல் கதவோரம் நின்றார். மைத்துனன் ஒரு கண்ணை முதல்வர் மேலேயே வைத்திருந்தான், ஓடினால் பிடிக்க.

"கள்ளக் கையெழுத்து எதுவும் இல்லை" என்று ஆரம்பித்தார் சர்வேயர். "மூணும் அசல்."

டீச்சர் முகம் வெளுத்தது. முதல்வர் தலையை மெத்தையில் சாய்த்தார்.

"ஆனா மாணவர் பிரதிநிதியோட ஒப்பத்தைப் பாருங்க. நாப்பத்தோரு பக்கத்துல மூக்கணாங்கயிறு அறுத்த மாடு மாதிரி ஓடுது. பதினேழுல மட்டும் நடக்கக் கத்துக்கற குழந்தை மாதிரி தள்ளாடுது."

மாணவர் பிரதிநிதி தாளைப் பிடுங்கிப் பார்த்தார். "இது இடது கையால போட்டது! மழைக்கால மாசம்!"

"அது எத்தனாவது வரைவு?"

"ஆறு" என்றார் டீச்சர். சொன்னவுடனே எழுந்துவிட்டார். "ஆறாவதுல எல்லா யோசனையும் போட்டிருந்தோம். மூடறது, விரிக்கறது, எல்லாமே. 'கீழே உள்ளவை விவாதத்துக்கு மட்டும்'னு தலைப்பு இருந்துச்சே!"

"இருந்திருக்கும். பதினாறாம் பக்கத்தோட கடைசி வரியில. அந்த வரி அங்கேயே தங்கிடுச்சு, பட்டியல் மட்டும் இங்க குடிவந்துடுச்சு. ஒவ்வொரு வரைவுலயும் ஒவ்வொரு பக்கத்துலயும் ஒப்பம் போட்டதால உங்ககிட்ட பன்னிரண்டு பதினேழாம் பக்கம் இருக்கு. பன்னிரண்டும் செல்லுபடியாகற மாதிரியே இருக்கும்."

"நான்தான் சொன்னேனே!" மைத்துனன் முதல்வரை நோக்கி விரலை நீட்டினான். "தன் பேனாங்கறதை இவரே ஒத்துக்கிட்டாரு!"

"அவரா?" சர்வேயர் முதல்முறையாகச் சிரித்தார். "சார், பதினெட்டாம் பக்கத்துல என்ன இருக்கு?"

முதல்வர் வாயைத் திறந்தார். தொலைநோக்கு அங்கே எட்டவில்லை.

"பன்னிரண்டு வரைவுல ஒண்ணைக்கூட இவர் படிக்கலை. பலகையில பார்த்தாரு, அரங்கம்னு இருந்துச்சு, அழகா இருந்துச்சு, பிறந்த குழந்தைக்கு அப்பா நான்தான்னுட்டாரு. தாளை மாத்தினது வேற ஆள். வெளியாளா இருந்தா அசல் பக்கத்தைக் கிழிச்சு எறிஞ்சிருப்பான். இந்தக் கட்டடத்துல ஒரு தாள் குறைஞ்ச ஃபைலைப் பூட்டி வெச்சுட்டுத் தூங்க முடியாத மனுஷன் ஒருத்தர்தான் உண்டு." அவர் கதவைப் பார்த்துத் திரும்பினார். "ஆறாவது வரைவை எடுத்துட்டு வர்றீங்களா?"

கண்காணிப்பாளர் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். பிறகு போனார். கோப்போடு வந்தார்.

"எண்ண வேண்டாம். நாப்பத்திரண்டு இருக்கும். பதினேழை மட்டும் படிங்க."

கண்காணிப்பாளர் புரட்டினார். விரலை வரியில் வைத்துப் படித்தார். "'மாலைப் பிரிவுக்கு இரண்டாவது பட்டறை அமைத்தல்...'"

அடியில் மூன்று ஒப்பங்கள். கறுப்பு மை தறிகெட்டு ஓடியது.

டீச்சர் அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார். "நூத்தி நாப்பது பேருண்ணே! பகல்ல உழைச்சுட்டு வர்றவங்க. ஏன்? உங்களுக்கு இதுல என்ன?"

"வகுப்பு முடிஞ்சு நான்தானேம்மா பூட்டணும்? கடிகாரத்தை இருபது நிமிஷம் தள்ளி வெச்சும் வீடு போய்ச் சேர பதினொண்ணு. காலையில ஏழுக்கு நான்தான் திறக்கணும். என் பொண்ணுக்குப் பத்து வயசு. சனி, ஞாயிறு தவிர அவ முழிச்சிருந்து நான் பார்த்ததில்லை."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எங்கே சொல்றது?" அவர் மேசையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். "எனக்கு இங்க நாற்காலி ஏதும்மா?"

டீச்சர் தான் விட்டு எழுந்த நாற்காலியைப் பார்த்தார். பன்னிரண்டு கூட்டத்திலும் அந்த மனிதரிடம் தான் பேசியதெல்லாம் 'ஒரு டீ' மட்டும்தான் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

முதல்வர் நிமிர்ந்தார். "இது கடும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய..."

"தாராளமா எடுங்க" என்றார் சர்வேயர். "விசாரணையில முதல் கேள்வி, அந்தப் பக்கம் உங்க பேனாவுல பிறந்ததுன்னு ஏன் சொன்னீங்கங்கறதா இருக்கும்."

முதல்வர் சக்கரத்தில் அரை அடி பின்னே போனார். "அதாவது... மனிதாபிமானத்தோட அணுகணும்னுதான் சொல்ல வந்தேன். சாவி விஷயத்துக்கு ஒரு துணைக் குழு அமைச்சு, முதல் வரைவு..."

"சாவியைக் குடுங்கண்ணே." டீச்சர் கையை நீட்டியிருந்தார். முகத்தில் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. "செவ்வாய், வியாழன் நான் பூட்டறேன்."

"திங்கள், புதன் நான்" என்றார் மாணவர் பிரதிநிதி.

வெள்ளிக்கிழமை மிச்சமிருந்தது. எல்லோரும் முதல்வரைப் பார்த்தார்கள். அவர் மேசையைப் பார்த்தார். அது வட்டமாக இருந்ததால் ஒளிய மூலை கிடைக்கவில்லை.

"ஒருமனதா ஏத்துக்கிட்டாரு" என்றான் மைத்துனன்.

கண்காணிப்பாளர் சாவிக்கொத்தைக் கொடுத்தார். ஆனால் உடனே கிளம்பவில்லை. இரண்டு கோப்புகளையும் பிரித்து, இரண்டு பதினேழாம் பக்கங்களையும் அதது இடத்தில் வைத்து, எச்சில் தொட்டு நாற்பத்திரண்டும் நாற்பத்திரண்டும் எண்ணினார். அதன் பிறகுதான் இரவுக்குக் கொண்டுவந்து திறக்காத டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மாலை வகுப்புக்காரர்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வீட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மறந்தவர்போல் வாசலில் சற்று நின்றார்.