நான் வெட்டியெடுத்த விசில்

ராயபுரத்தில் நோயல் வீட்டு மாடிக்கு நான் ஏறியது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் மன்னிக்கவும். வெயில் மண்டையைப் பிளந்தது. துறைமுகம் பக்கமிருந்து மீன் வாடையும் டீசல் வாடையும் கலந்து வந்துகொண்டிருந்தன.

என் பெயர் ஹபீபுல்லா. வண்ணாரப்பேட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நோயலுக்கு அவ்வப்போது ஒயர் வேலை செய்து கொடுப்பேன். அவன் என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவன் பெரியவனாக இருந்திருந்தாலும் ‘அவர்’ போட்டு எழுத எனக்கு மனசு வராது.

ஏசி போட்ட மாடி ஹால் முழுக்க பொம்மை ரயில். கொருக்குப்பேட்டை யார்டை அப்படியே செய்து வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்வான். குப்பை இல்லை, சாக்கடை இல்லை, தண்டவாளத்தைத் தாண்டிப் போகும் ஜனம் இல்லை. ஆரஞ்சு சட்டை போட்ட பிளாஸ்டிக் வேலைக்காரர்கள் நாலு பேர் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவர்கள், நாலு பேருமே வெள்ளைக்காரர்கள்.

இந்த இன்ஜின்களுக்குள் சவுண்ட் டிகோடர் என்று ஒரு சில்லு வைப்பார்கள். நிஜ இன்ஜினின் உறுமல், ஹாரன், பிரேக் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டால், ஒரு சாண் நீள பொம்மை நிஜ வண்டி மாதிரியே கத்தும். இதற்கென்று ஊர் ஊராக ஒரு கூட்டம் இருக்கிறது. ஹாரன் சுருதி கொஞ்சம் தப்பினால் இவர்களுக்குத் தூக்கம் வராது. நிஜ வண்டியில் எவன் செத்தால் இவர்களுக்கென்ன?

மார்ச் மாதம் ஒருநாள் காலையில் கொருக்குப்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில் மைக் வைத்து, கூட்ஸ் டீசல் ஒன்றைப் பதிவு செய்தோம். அருமையான ஹாரன். நடுவில் எவனோ விசில் ஊதிக்கொண்டே இருந்தான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. மறுபடி இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

“விசில் கலீஜா கீது பாய். தூக்கிடு,” என்றான் நோயல்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து தூக்கினேன். வழக்கம்போல மெமரி கார்டை அழித்து அடுத்த வேலைக்குப் போட்டேன்.

நாங்கள் பதிவு செய்த அதே வண்டியில், வளைவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் அடிபட்டுச் செத்தது மறுநாள்தான் தெரிந்தது. ஒருவர் உச்சிமாகாளி, தண்டவாள வேலை செய்தவர். இன்னொருவர் ரகுபதி, வண்டி வந்தால் விசில் ஊதி எச்சரிக்க நின்றவர். ரகுபதி ஊதவே இல்லை, போனில் பேசிக்கொண்டிருந்தார் என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நோயலைத் திட்டுகிற யோக்கியதை எனக்கும் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை புது இன்ஜினுக்குள் சில்லைப் பொருத்தி முடித்தபோது காலிங் பெல் அடித்தது. ரகுபதியின் மகள் மகிழினி.

“சார், அன்னிக்கு மாடில மைக் வச்சிகினு நின்னீங்களாமே? எங்கப்பா விசிலு அதுல கீதா? ஒரே ஒரு தபா கேட்டுட்டுப் போய்டறேன். அந்த உச்சிமாகாளி சம்சாரம் எங்கம்மாவ நடுத்தெருவுல நிக்க வச்சி, ‘உம் புருசன்தான் எம் புருசன கொன்னான்’னு கேக்குது சார்.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. வெறும் இன்ஜின் சத்தம்தான்,” என்றான் நோயல்.

அவள் என்னைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க பாய்.”

நான் சால்டரிங் அயர்னைப் பார்த்தேன்.

அவள் படியிறங்கினாள். “பேஜாருப்பா,” என்று நோயல் கதவைச் சாத்தினான். “இன்ஜின வை பாய்.”

வைத்தேன். உறுமியது. நகர்ந்தது. வளைவில் ஹாரன் அடித்தது.

பிறகு விசில்.

இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

“நீ கிளீன் பண்ண லட்சணம் இதானா பாய்?”

“சுத்தமா அறுத்து எடுத்தேன் சார்.”

அவன் கரண்டை நிறுத்தினான். இன்ஜின் நின்றது.

விசில் நிற்கவில்லை.

“கெபாசிட்டர்ல கொஞ்சம் சார்ஜ் இருக்கும்,” என்று கிசுகிசுத்தான். அது பத்து நொடி தாங்கும். ஒரு நிமிடம் போனது. போனை எடுத்து ரெக்கார்டிங்கை ஓடவிட்டேன். இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றி ஒயர்களை வெட்டினேன். காசு அளவு ஸ்பீக்கர் மட்டும் என் உள்ளங்கையில்.

அது அதிர்ந்துகொண்டிருந்தது.

விசிலோடு இப்போது மூச்சிரைப்பும் கேட்டது. சல்லிக்கல்லில் பூட்ஸ் சத்தம். ஏசி அறையில் தீய்ந்த பிரேக் நாற்றம்.

தூரத்தில் இல்லை. கிட்டே வந்துகொண்டிருந்தது.

“கீழ போடு பாய்…”

கதவு திறந்தது. மகிழினி. பாதிப் படியிலிருந்து திரும்பி ஓடி வந்திருக்கிறாள்.

“எங்கப்பா,” என்றாள். “தெருமொனைல திரும்பறப்பகூட இப்டித்தான் ஊதிகினு வருவாரு.”

ஸ்பீக்கரை அவள் கையில் வைத்தேன். சத்தம் நின்றது. நான் போனில் பதிவு செய்திருந்ததைப் போட்டுக் காட்டினேன். ஏசி சத்தம் மட்டும்தான் இருந்தது.

“அன்னிக்கு அந்த விசில நான்தாம்மா வெட்டுனேன்,” என்றேன். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன்.

“அத எழுதிக் குடுங்க,” என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். “ரெக்கார்டிங் எங்க?” என்று ரயில்வே ஆபீஸில் கேட்டார்கள். அழித்துவிட்டதாகச் சொன்னேன். “அப்ப இன்னாத்துக்கு வந்தே?” என்றார்கள்.

விசிலை வெட்டியெடுத்த அந்த ஒலியை நோயல் முன்பே தன் பெயரைப் பெரிதாகப் போட்டு இணையத்தில் ஏற்றியிருந்தான். அதை வாங்கித் தங்கள் பொம்மைகளில் போட்ட கூட்டம் இப்போது புகார் எழுதுகிறது. ‘நடுவில் யாரோ விசில் அடிக்கிறார்கள். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. தரம் மோசம்.’ ரகுபதி யாரென்றே தெரியாத பதினேழு பேர். அத்தனையையும் பிரிண்ட் எடுத்து மகிழினியிடம் கொடுத்தேன். போன வாரம் ஆபீஸில் முதல்முறையாக அவளை உட்காரச் சொல்லி, ஒவ்வொன்றாகப் படித்தார்களாம்.

இன்று காலை பதினெட்டாவது புகார் வந்தது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர்.

‘சில்லைக் கழற்றிக் குப்பையில் போட்டு ஒரு வாரம் ஆகிறது. முதலில் தெருக்கோடியில் கேட்டது. நேற்று வாசலில். இப்போது படியில் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. எப்படி நிறுத்துவது?’

நான் பதில் போடவில்லை. காது கொடுத்துக் கேட்கட்டும்.